முகம், ட்ரே, பை

இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால் பூவராகவன் அவர்கள் நடுவில் புகுந்து போகமாட்டார். வழி எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டுதான் போவார். காக்களூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் கேமரா ரூமில் அவர் இருந்த ஏழு வருடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நாங்கள் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம். இன்ஸ்பெக்‌ஷன் மேசைகளில் உட்காரும் பெண்களில் பாதிக்கு மேல் காலனி ஆட்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவர் பூண்டிப் பக்கம் நெல் நிலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்.

"மேல பட்டுட்டா தீட்டாம். பாரு, எப்டி சுத்திகினு போறாரு," என்று சுமலதா அவர் காதில் விழும்படியே சொன்னாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மழை நாளில் மேனேஜர் ஜெகனும் ஆடிட்டுக்கு வந்தவரும் ஷெட் வாசலில் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே தாராளமாக இரண்டு ஆள் போகலாம். பூவராகவன் மழையில் இறங்கி, ஜெனரேட்டர் பக்கமாகச் சுற்றி, சட்டை நனைய உள்ளே போனார். அவர்கள் இருவரும் காலனி ஆட்கள் இல்லை. அப்படியானால் இது தீட்டு இல்லை. அது தெரிந்த பிறகு என் சந்தேகம் அதிகமானதே தவிர குறையவில்லை. தீட்டு என்றால் அது என்ன என்று எங்களுக்குத் தெரியும். இது என்ன என்று தெரியவில்லை.

அவர் ரூமில் பெரிய டிவி ஒன்றில் பதினாறு கட்டங்கள் இருக்கும். நாங்கள் எல்லோரும் அதற்குள் இருப்போம். ஒரு ஆண் பிள்ளை எட்டு மணி நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் நன்றாக இருக்கும்? புடவைத் தலைப்பைச் சரி செய்யக்கூடக் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்புவோம்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். தலைக்கு மேல் இருந்த டியூப் லைட்டை இரண்டடி முன்னால் தள்ளச் சொன்னார்.

"மேலேர்ந்து மட்டும் லைட்டு வுழுந்தா கண்ணு ரெண்டும் குழியாத் தெரியும்பா. அதுல நல்ல மனுசன்கூடத் திருடன் மாதிரி தெரிவான். அந்தக் காலத்துல ஒரு மொகத்துக்கு மூணு லைட்டு வெப்பாங்க. முன்னால ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, முடி பளபளன்னு தெரியப் பின்னால ஒண்ணு," என்றார்.

எலக்ட்ரீஷியன் தள்ளிவைத்துவிட்டுப் போனான். சுமலதா என் முழங்கையை இடித்தாள். "நம்ம முடி பளபளன்னு தெரியணுமாம் கேமரா சாருக்கு. வூட்ல பொண்டாட்டிக்கு லைட்டு போட்டாரோ இல்லையோ."

அவர் முன்பு சினிமாவில் இருந்தவர் என்று ஒரு பேச்சு இருந்தது. என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. சினிமா என்ற சொல்லே எங்களை இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தது.

எங்கள் வேலை புஷ் பார்ப்பது. புஷ் என்பது பித்தளை வளையம், மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இடது கையில் பிடித்து, வலது கையால் கேஜை, அதாவது அளவுக் கம்பியை, நுழைத்துப் பார்க்க வேண்டும். பிசிறு விரலைக் கிழித்துவிடும் என்பதால் பிடிக்கிற விரலில் டேப் சுற்றிக்கொள்வோம். சரியா தவறா என்று ஒரு புஷ்ஷில் சந்தேகம் வந்தால் நாமே முடிவு செய்யக்கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் காட்ட வேண்டும். அவரும் பார்த்துத் தலையாட்டினால் ட்ரேயில் போகும். இல்லாவிட்டால் சிவப்பு டப்பாவுக்குப் போகும். வேலைக்கு வந்த முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

எனக்குப் பக்கத்தில் மெர்சி. நான் அவளுக்கு வலது கைப் பக்கம். அவளுக்கு இடது கைப் பக்கம் ட்ரே வைக்கும் ரேக். மெர்சிக்கு இருபத்தாறு வயது. புருஷன் இல்லை, அம்மா மட்டும்தான். சந்தேகப் புஷ்ஷை அவளிடம் காட்டினால் பார்த்துவிட்டு, "இது பாஸ் அக்கா, நீதான் ஃபெயில்," என்பாள். ஒரு நாளில் பத்துத் தடவையாவது அவள் முகம் என் பக்கம் திரும்பும்.

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ரேக்கிலிருந்து ஒரு ட்ரே நிறையப் புஷ் காணாமல் போனது. பித்தளை என்பதால் சும்மா விடமாட்டார்கள். மறுநாள் காலை எட்டரைக்கு எல்லோரையும் கேன்டீனுக்கு வரச்சொன்னார்கள். பூவராகவன் டிவியில் பென் டிரைவைச் செருகிவிட்டு ஓரமாக நின்றார். சூப்பர்வைசர் வெங்கடேசன், "எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க," என்றார்.

முதலில் எங்கள் ஹால் முழுவதும் தெரிந்தது. பிறகு மெர்சியின் முகம் மட்டும், பெரிதாக, ரேக் இருக்கும் பக்கம் மெல்லத் திரும்பியது. அடுத்து ரேக்கில் ட்ரே, நிறைய புஷ். அது அப்படியே கரைந்து அதே இடம் காலியாக ஆனது. அடுத்து லாக்கர் பக்கம் மெர்சியின் கை. மஞ்சள் துணியில் சுற்றிய எதையோ சாப்பாட்டுப் பையில் வைத்தது. அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட இருக்காது.

கேன்டீன் முழுக்க "ச்சே" என்று ஒரு சத்தம். சுமலதா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

மெர்சி, "அது ஊறுகா பாட்டில் சார். எண்ண ஒழுகுதுன்னு துணியில சுத்தினேன்," என்றாள்.

"ட்ரேயைப் பாக்குறே, ட்ரே காணோம், பையில வெக்கிறே. நாங்க இன்னா கண்ணு தெரியாதவங்களா?" என்றார் வெங்கடேசன்.

நானும் நம்பினேன். இதை எழுதித்தான் ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் பக்கத்தில் ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருந்த நானே அந்த டிவியை நம்பினேன். கதாநாயகி ஒரு பக்கம் பார்ப்பாள், அடுத்து சாவிக்கொத்து தெரியும், அடுத்து அவள் கை தெரியும். சாவியை அவள்தான் எடுத்தாள் என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறோம். மெர்சி என்னைத் தேடிப் பார்த்தபோது நான் தரையைப் பார்த்தேன்.

மேனேஜர் போலீசுக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலைக்குள் "நான்தான் எடுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் என்று சொல்லி அவளை அனுப்பினார். அந்தக் கையெழுத்தைப் போட்டால் காக்களூரில் எந்தக் கம்பெனியிலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள். சூப்பர்வைசர்கள் எல்லோரும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள்.

வியாழக்கிழமை அவள் நாற்காலி காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கும் முன் விரலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். இடது கைப் பெருவிரல். எல்லோருக்கும் இடது கைதான், ஏனென்றால் புஷ்ஷைப் பிடிப்பது அந்தக் கை. அப்போது டிவியில் பார்த்த மெர்சி முகம் ஞாபகம் வந்தது. முகத்துக்குப் பக்கத்தில் அவள் கை கொஞ்சம் தெரிந்தது. பச்சை டேப். அந்த டேப் எந்தக் கையில் இருந்தது? கண்ணை மூடி இரண்டு மூன்று தடவை யோசித்தேன். வலது கையில் இருந்தது. கடைசியில் பையில் வைக்கும்போது இடது கையில் இருந்தது.

ஒரே ஆளுக்கு டேப் கை மாறாது. கண்ணாடியில் பார்த்தால்தான் மாறும். அப்படியானால் அந்த முகத்தை யாரோ கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறார்கள். திருப்பாமல் பார்த்தால் மெர்சி ரேக் பக்கம் பார்க்கவில்லை. மறுபக்கம், என் பக்கம் பார்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை ஒரு சந்தேகப் புஷ்ஷை அவளிடம் நீட்டினேன். அவள் பார்த்தது அதைத்தான்.

அன்று நான் எத்தனை புஷ் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. படத்தைத் திருப்பத் தெரிந்தவர் இந்தக் கம்பெனியில் ஒரே ஒருவர்தான் என்பது மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் எஸ்டேட் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும் பூவராகவனைப் பார்த்தேன். வேப்பம்பட்டு ரயிலைப் பிடிக்க நான் ஷேர் ஆட்டோவில் திருவள்ளூர் ஸ்டேஷன் போக வேண்டும். இரண்டு ஆட்டோவை விட்டுவிட்டேன்.

"இன்னாம்மா சாராளு, ஆட்டோ போவுதே," என்றார்.

"மெர்சி இடது கையிலதான் டேப் சுத்தும் சார்," என்றேன்.

அவர் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பஸ் போன பிறகு, "பாத்துட்டியா," என்றார்.

"நீங்க திருப்பிப் போட்டீங்களா?"

"திருப்பித்தான் போட்டேன்."

மறுப்பார் என்று நினைத்திருந்தேன். அவரே பேசினார்.

வடபழனியில் ஒரு ஆபீஸில் அவர் பதினான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறார். ஸ்டுடியோ காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களை வாங்கி டிவிக்காரர்களுக்கு விற்கும் ஆபீஸ். மூன்று மணி நேரப் படத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்க வேண்டும். அதுதான் அவர் வேலை.

"வெட்டினது பாக்கறவனுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஓனர் தூக்கிக் கடாசிடுவாரு. அந்தப் படம் எடுத்தவங்க ஒரு மொற வெச்சிருந்தாங்க. மொதல்ல ரூமை முழுசாக் காட்டுவாங்க. கதவு எங்க, சன்னல் எங்க, ஆரு எங்க நிக்கிறாங்கன்னு. அப்புறந்தான் கிட்டப் போவாங்க. ரெண்டு பேரு பேசினா அவங்க நடுவுல ஒரு கோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கமாவே நிக்கும், தாண்டவே தாண்டாது. தாண்டிட்டா ஆரு ஆரைப் பாத்துகினு பேசறாங்கன்னு கொழம்பிப் பூடும்."

"அதுக்குத்தான் நீங்க நடுவுல வராம சுத்திப் போறீங்களா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "வூட்லகூடத் திட்டுவாங்கம்மா. பதினாலு வருசம் அந்தக் கோட்டையே பாத்துகினு இருந்தேன். தாண்டப் போனா கால் கூசுது."

அதை நாங்கள் முதலில் தீட்டு என்று நினைத்தோம் என்று அவரிடம் சொல்லவில்லை.

"இன்னொண்ணு இருக்குது. ஒரு மொகம் ஒரு பக்கமா பாத்துச்சுன்னா, அடுத்த துண்டுல அந்தப் பக்கம் இருக்கற பொருளை வெக்கணும். வெச்சிட்டாப் போதும், பாக்கறவன் மண்டையே ரெண்டையும் ஒட்டிக்கும். மொகத்தை இன்னிக்கு எடுத்திருப்பான், பொருளை ஆறு மாசம் கழிச்சு எடுத்திருப்பான். ஆருக்குத் தெரியும்?"

"மெர்சிக்கு இன்னா பண்ணீங்க சார்?"

"வெங்கடேசன் வந்தாரு. ட்ரே இருந்தது, காணாமப் போனது, மெர்சி பையில வெச்சது, எல்லாத்தையும் சேத்து சுருக்கமா ஒரு நிமிசத்துக்குள்ள குடுங்கன்னாரு. ஒக்காந்தேன். மொகம் தம்மாத்தூண்டு இருந்துச்சு, பெருசாக்கினேன். அதுல மூலையில இருந்த டைம் வெளிய பூட்ச்சு. மொகம் அந்தப் பக்கம் பாக்குது, ரேக் இந்தப் பக்கம் இருக்குது. கண்ணுல இடிச்சுது. திருப்பிப் போட்டேன். கை தானா பண்ணுச்சும்மா. ஒட்டு தெரியுதா, தெரியலையா, அது ஒண்ணுதான் பாத்தேன். அந்தப் பொண்ணு வேலை அதுல இருக்குதேன்னு நான் நெனைக்கவே இல்ல."

"எப்பத்தான் தெரிஞ்சுது?"

"எல்லாரும் ச்சேன்னீங்க பாரு. அப்போ."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கலாம்," என்றார். "அறுபத்தியொரு வயசு ஆவுது. இந்த சீட்டு போனா எவன் என்னைக் கேமரா ரூம்ல ஒக்கார வெப்பான்?"

அடுத்த ஆட்டோ வந்தது. ஏறினேன். "நாளைக்குக் காலையில அது கையெழுத்துப் போடணும் சார்," என்று மட்டும் சொன்னேன்.

ரயிலில் அவர் சொன்னதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். முதலில் வடபழனி ஆபீஸைக் காட்டினார். அடுத்து கோடு. அடுத்து ஒரு சிரிப்பு. கடைசியில் அறுபத்தொரு வயது முகத்தைக் கிட்டே கொண்டுவந்து காட்டினார். முழு ரூம், பிறகு கிட்டே. அவர் என்னிடம் பேசியதும் அதே முறைப்படிதான் இருந்தது. எங்கே வெட்டினார், எதை விட்டுவிட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வெங்கடேசன் சுருக்கமாக மட்டும்தான் கேட்டாரா, மெர்சி மாட்டுகிற மாதிரி கேட்டாரா? ட்ரே போனதில் வெங்கடேசனுக்கே ஏதாவது இருக்கிறதா? அவர் சொன்னதில் எதையும் நான் முழுசாக நம்பவில்லை. டேப் கை மாறியிருந்ததை மட்டும் நம்பினேன். அது நான் என் கண்ணால் பார்த்தது.

சனிக்கிழமை மெர்சி அவள் அம்மாவுடன் வந்திருந்தாள். அம்மாவை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மெர்சி கேன்டீன் சுவரோரம் நின்றாள். எல்லோருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர்களுக்குப் பயம் இருக்கும் என்று வெங்கடேசன் சொல்லியிருந்தார். மேசையில் பேப்பரும் பேனாவும் இருந்தன.

வழக்கம்போல் பூவராகவன் டிவி பக்கம் நின்றார். மேனேஜர் ஜெகன், "இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க சார். அப்புறம் யாரும் நம்மளைத் தப்பு சொல்லக்கூடாது," என்றார்.

பூவராகவன் போட்டார்.

முதலில் ஹால் முழுவதும் தெரிந்தது. பிறகு ஒரு முகம், பெரிதாக, ரேக் பக்கம் மெல்லத் திரும்பியது. அது வெங்கடேசனின் முகம். அடுத்து ட்ரே. அது கரைந்து காலி இடம். அடுத்து வெங்கடேசன் கை, தன் வண்டிப் பெட்டிக்குள் எதையோ வைத்து மூடியது.

சுமலதா, "அய்யய்யோ, சூப்பரைசர் சாரே தூக்கிகினு பூட்டாரு!" என்றாள். கேன்டீன் சிரிப்பில் அதிர்ந்தது.

"யோவ், இன்னாய்யா இது? அது என் ரெயின்கோட்டுய்யா!" வெங்கடேசன் எழுந்துவிட்டார்.

"மெர்சி வெச்சது ஊறுகா பாட்டிலு சார்," என்றார் பூவராகவன். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

மேனேஜர், "என்ன சார் இது, காமெடியா?" என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்குது சார். அதையும் பாத்துடுங்க."

இந்தத் தடவை எதையும் பெரிதாக்காமல், திருப்பாமல், மூலையில் நேரத்தோடு போட்டார். பத்து நாற்பத்திரண்டுக்கு மெர்சி திரும்புகிறாள். படத்தில் இப்போது நானும் இருந்தேன். என் கையில் ஒரு புஷ். பன்னிரண்டே முக்காலுக்கு மெர்சி லாக்கரில் பையை மூடுகிறாள். இரண்டு மணிக்கு ட்ரே நிறைந்து ரேக்கில் இருக்கிறது. மூன்றே காலுக்கு ட்ரே இல்லை. நடுவில் ஸ்டோருக்குப் போகிற தள்ளுவண்டி ரேக்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது. யார் எடுத்தார்கள் என்று அதில் தெரியவில்லை. மெர்சி பையை மூடி ஒன்றே கால் மணி நேரம் கழித்தும் ட்ரே அங்கேயே இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

மேனேஜர் டிவிக்குக் கிட்டே போனார். "இங்க இந்தப் பொண்ணு யாரைப் பார்க்குது?" என்று கேட்டார்.

பூவராகவன் என்னைப் பார்த்தார். சுமலதாவும் என்னைப் பார்த்தாள். நாற்பது பேர் திரும்பினார்கள். எழுந்து நின்று, "என்னைத்தான் சார். சந்தேகப் பீஸ் காட்டினேன்," என்றேன். அந்தக் கேன்டீனில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் முறை.

மேனேஜர் பூவராகவனிடம், "அப்புறம் ஏன் சார் அப்படிப் பண்ணிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

"சுருக்கமா கேட்டாங்க சார். சுருக்கறது எனக்கு நல்லா வரும். தப்பு என்னுது."

"நான் திருப்பிப் போடச் சொல்லலையே!" என்றார் வெங்கடேசன்.

"அவரு சொல்லல சார்," என்றார் பூவராகவன்.

அந்தப் பதில் எனக்கு அன்றும் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. அவ்வளவு சட்டென்று ஒரு மனிதன் பழியை முழுசாக வாங்கிக்கொள்வானா? வெங்கடேசனைக் காப்பாற்றினாரா, உண்மையைத்தான் சொன்னாரா?

மேனேஜர் மேசையில் இருந்த பேப்பரை எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. மெர்சியைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொன்னார். மன்னிப்பு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. பூவராகவனிடம் கேமரா ரூம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் சட்டைப் பையில் தயாராகவே வைத்திருந்தார்.

ஷெட் வாசலில் மெர்சியைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா," என்றார்.

மெர்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா ஒட்டினீங்க சார். நான்தான் எடுத்தேன்னு எனக்கே தோணிடுச்சு. ராத்திரி எழுந்து பையைக் கொட்டிப் பாத்தேன்," என்றாள். சொல்லிவிட்டு அம்மா நிற்கும் கேட் பக்கம் போய்விட்டாள்.

அவர் டிபன் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எங்கள் மேசையில் நிறையப் பேச்சு. வெங்கடேசனும் கேமரா சாரும் கூட்டு, கடைசியில் பங்கு தகராறு, அதனால்தான் காட்டிக்கொடுத்தார் என்றாள் சுமலதா. "இல்லாட்டி வேலையை வுட்டுட்டு எவனாவது நல்லவன் ஆவானா?" மெர்சி அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ளமாட்டாள். தள்ளுவண்டி தள்ளின ஸ்டோர் ஆளை இரண்டு நாள் விசாரித்தார்கள். அவன் அன்று ரேக் பக்கம் நின்றதே வெங்கடேசன் நிறுத்தச் சொன்னதால்தான் என்றான். வெங்கடேசன் இல்லை என்றார். அந்த விசாரணை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. முகத்தைப் பெரிதாக்கியது பழக்கம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். கரைய விட்டது பழக்கம் என்றாலும் சரி. திருப்புவதற்கு ஒரு தடவையாவது நின்று, இவள் உண்மையில் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று பார்த்திருக்க வேண்டும். பார்த்த பிறகுதான் திருப்பியிருக்க முடியும். அந்த ஒரு நொடியில் அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கை தானாகச் செய்தது என்கிறார். என் கையும் புஷ்ஷைப் பார்க்காமலே எடுத்து வைக்கிற நாட்கள் உண்டு. அதனால் அவர் சொல்வது பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு வேலையில இருக்குதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இருக்குது சார்."

"ட்ரே?"

"கெடைக்கல."

"கெடைக்காது," என்றார். ஏன் கிடைக்காது என்று நான் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினார்.

இன்று மெர்சி மூன்றாவது மேசையில், எனக்குப் பக்கத்தில்தான் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டுப் பையை லாக்கரில் வைப்பதில்லை, காலடியிலேயே வைத்துக்கொள்கிறாள். வெங்கடேசன் எங்களுக்கு இப்போதும் சூப்பர்வைசர். கேமரா ரூமுக்குப் புது ஆள் வந்திருக்கிறார். பூவராகவன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு கம்பெனி கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறார், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கையெழுத்து இல்லாத அந்தப் பேப்பர் மேனேஜரிடம் இருக்கிறது. ட்ரேயை எடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது.